மெல்லப் பேசச் சொன்ன ஜாபர் பாய்

ஜாபர் பாய் போய்விட்டார். காலையில் வாணியம்பாடியிலிருந்து அவர் மகன் போன் செய்தார்... தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில், ஜவ்வாது மலை மேல் நட்சத்திரம் பார்க்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் ரூம் அவர் பொறுப்பு.

எனக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. புரோட்டீன் படிகங்களை எக்ஸ்ரேயில் ஆராய்ந்துகொண்டிருந்த பிஎச்.டி. மாணவி நான்.

எங்கள் டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டருக்கு என் கணக்கைத் தாங்கும் தெம்பு இல்லை. மலையில் இருந்த பெரிய மெஷினோ பகலில் சும்மா இருந்தது. ராத்திரி முழுக்க வானத்தைப் பார்ப்பவர்கள் பகலில்தானே தூங்குவார்கள்... அந்த நேரம் எனக்குக் கிடைத்தது.

டேட்டா டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒடுகத்தூரில் பஸ் மாறிப் போவேன்.

அங்கே ஒரே சட்டம், பகலில் சத்தம் கூடாது. பிரிண்டர் மேலேயே கம்பளி போர்த்தி வைத்திருப்பார் பாய்.

"மெல்லம்மா... தூங்கினு இருக்காங்க."

பழகிப்போய், வீட்டிலும் எனக்குக் குசுகுசுப் பேச்சுதான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார்!

என் பிரச்சினை ஒரே ஓர் அணு. புரோட்டீனுக்குள் ஓர் உலோகம் இருந்தது, அது ஜிங்க் என்றார் என் கைடு.

ஜிங்க் என்று போட்டுக் கணக்கை ஓட்டினால், அந்த அணு மட்டும் கன்னாபின்னாவென்று ஆடும். வெறும் தண்ணீர் என்று போட்டால் அசையாமல் கல் மாதிரி நிற்கும். பக்கத்து அணுக்கள் ஆடுகிற அளவுக்குத்தான் அதுவும் ஆட வேண்டும், அதனால் இரண்டுமே தப்பு என்று அர்த்தம்.

அது என்னவென்று தெரியாமல் தீசிஸ் கொடுக்க முடியாது. ஸ்காலர்ஷிப்போ முடியப் போகிறது. அழுகை வரும்... அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டும்.

பாய்க்கு புரோட்டீன் எல்லாம் தெரியாது. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் கேட்பார். "இன்னாம்மா, இன்னும் ஆடுதா?"

ஒரு நாள் கால்சியம் என்று போட்டுப் பார்த்தேன். கம்பளிக்கு அடியிலிருந்து காகிதம் மெதுவாக வந்தது.

ஆட்டம் அடங்கியிருந்தது. பக்கத்து அணுக்கள் எப்படியோ அதுவும் அப்படியே. சுற்றியிருந்த ஆக்சிஜன்கள் கால்சியத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி நின்றன.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பாய் உதட்டில் விரலை வைத்தார்.

"இங்க வேணாம்மா. வாங்க."

ஜீப்பில் ஏற்றி, இரண்டு வளைவு தள்ளிப் புளியமரங்கள் பக்கம் நிறுத்தினார். "இப்ப கத்துங்க."

கத்தினேன். என்னைவிட சத்தமாக பாய் கத்தினார். அந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

புளி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா பதறி ஓடிவந்தார். பொண்ணு பாஸாயிட்டாங்க என்று பாய் சொன்னதும், மடியிலிருந்து ஒரு கை புளியம்பழம் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கைடா? ஒரு நாள் முழுக்க முறைத்துவிட்டு, சரி, கால்சியம்தான் என்றார்.

நல்ல நாட்கள் அவை... இப்போது வாணியம்பாடிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

நீங்க தூங்குறீங்க பாய். மெல்லத்தான் சொல்றேன்... போய்ட்டு வாங்க.