கடைசி இருக்கை வரை

வெல்டா ஸ்டக்கிக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கைதான் பேசும். அன்று காலை வாணலியிலிருந்து பன்றி இறைச்சித் துண்டுகளை அவள் தட்டில் எறிந்த வேகத்தில், கொழுப்பு தெறித்து டெல்மரின் சட்டையில் விழுந்தது.

"வேணும்னேதானே பண்ணே?" என்றான் டெல்மர்.

"ஆமா."

அரிசோனாவின் தென்கோடிப் பாலைவனம், பிப்ரவரி மாதம். நெப்ராஸ்காவில் பனி கொட்டும் மாதங்களில் எங்கள் ஊர்க் கிழடுகள் எல்லாம் வீட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு வெயில் காய வருவது அந்தப் பக்கம்தான். வெல்டாவின் வண்டியில் அந்த வருடம் அவளுடைய நாற்பது வருடத் தோழி இர்மாவும், இர்மாவின் புருஷன் டெல்மரும் கூட வந்திருந்தார்கள். அஜோ ஊருக்குத் தெற்கே, கள்ளி மரங்களுக்கு நடுவில் ஐந்து நாளாக முகாம். இன்று கிளம்பி டூசான் நகரத்துக்குப் போக வேண்டும். கிளம்புகிற நேரம் பார்த்து இர்மா பேச்சை எடுத்தாள்.

பேச்சு அந்தக் கீறலைப் பற்றி. போன வாரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் வெல்டா வண்டியைத் திருப்பும்போது, பம்புக்கு முன்னால் நட்டிருந்த மஞ்சள் இரும்புக் கம்பம் வண்டியின் வலது விலாவைக் கதவிலிருந்து கடைசிவரை கிழித்துவிட்டது. தகரம்தானே, தட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் இர்மா சும்மா இருக்கவில்லை. ஒமாஹாவில் இருக்கும் வெல்டாவின் மகள் ரோண்டாவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள்.

"உனக்குக் கண்ணு சரியாத் தெரியலையோன்னு பயப்படறாடி ரோண்டா. டூசான்லயே வண்டிய வித்துடச் சொல்றா. அவ வீட்டுக்கிட்ட வயசானவங்க குடியிருப்புல ஒரு ரூம் காலியா இருக்காம். உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"என் பொண்ணு என்ன சொல்றான்னு எனக்கு நீ சொல்றியா?"

"நீ போன எடுத்தாத்தானே அவ உன்கிட்ட சொல்லுவா!"

டெல்மர் காபியை உறிஞ்சியபடி கையை நீட்டினான். "சாவிய என்கிட்ட குடு வெல்டா. இனிமே நான் ஓட்டறேன். எல்லாருக்கும் நிம்மதி."

வெல்டாவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய வண்டியை யார் ஓட்டுவது! புருஷன் செத்த வருடம், ஊரிலிருந்த வீட்டை விற்று அவள் வாங்கியது இது. கட்டில், அடுப்பு, கழிப்பறை, கல்யாணப் போட்டோ எல்லாம் இந்த முப்பத்திரண்டு அடிக்குள்தான். இதை விற்றால் அவளுக்கு வேறு வீடு கிடையாது. டெல்மருக்கு என்ன போயிற்று? வாழ்நாள் முழுக்க விதைக்கடை கல்லாவில் உட்கார்ந்திருந்தவன். அவளோ முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனியிலும் சேற்றிலும், அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு.

அந்த முப்பத்தோரு வருடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று அவளை விடவே இல்லை. ஒவ்வொரு நடை முடிந்ததும் பஸ்ஸின் கடைசி இருக்கைவரை நடந்து, குனிந்து, இருக்கைகளுக்கு அடியிலும் பார்ப்பாள். அந்தக் காலத்தில் வேறொரு ஓட்டுநர், தூங்கிப்போன ஐந்து வயதுப் பிள்ளையை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பிள்ளை பிழைத்துக்கொண்டது, அவன் வேலைதான் போயிற்று. வெல்டாவுக்கு அப்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை. வீட்டுவண்டியிலும், தனியாகப் போனால்கூட, கிளம்புமுன் பின்னறைவரை நடந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவாள். டெல்மருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. "உள்ள யாரு, பேயா ஒளிஞ்சிருக்கு?" என்பான்.

அவள் சாவியைக் கழற்றி மேசையில் விட்டெறிந்தாள். அது அவன் காபிக் கோப்பையில் பட்டு நின்றது. "ஓட்டிக்கோ! நல்லா ஓட்டிக்கோ!" என்று பின்னறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே பத்து நிமிடம்கூட அவளால் இருக்க முடியவில்லை. முகாமைக் காலி செய்யுமுன் சுற்றிலும் கிடக்கும் ஆணி, பாட்டில் மூடி எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது நல்ல முகாம்காரர்களின் வழக்கம். அடுத்து வருகிறவனின் டயரை யார் காப்பாற்றுவது? இந்த இரண்டும் அதைச் செய்யப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இர்மா பின்பக்கம் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள், டெல்மர் எஞ்சினுக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டா ஒரு காலி டின்னை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கினாள். திறந்து விட்டால் ஓட்டத்தில் அடித்துக்கொள்ளும் என்பதால், பின்னறைக் கதவை வழக்கம்போல் சாத்திவிட்டுத்தான் வந்தாள். வறண்ட ஓடைக்குள் இறங்கிக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

எஞ்சின் சத்தம் கேட்டது. சூடேற்றுகிறான் என்று நினைத்தாள். பிறகு கியர் விழுகிற சத்தம். தன் வண்டியின் சத்தம் அவளுக்குத் தெரியாதா? பதறி அடித்துக்கொண்டு கரை ஏறினாள். வீடு போய்க்கொண்டிருந்தது. புழுதி மட்டும் அவளுக்கு மிச்சம்.

"யோவ் டெல்மர்! அடப்பாவி! நிறுத்துய்யா!"

கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் கண்ட பலன். போன் வண்டிக்குள். கையில் இருந்திருந்தாலும் அங்கே சிக்னல் கிடையாது. தண்ணீர் பாட்டிலும் வண்டிக்குள். முகாம் இருந்த இடத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த இரண்டு பலகைகள் அப்படியே கிடந்தன. அதையும் எடுக்காமல் போயிருக்கிறான், பெரிய ஓட்டுநர்! வெல்டா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒரு முள்மரத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்தாள்.

முதலில் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு ரோண்டாவைத் திட்டினாள். செத்துப்போன புருஷனைக்கூட விடவில்லை. திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனபோது அந்த மஞ்சள் கம்பம் நினைவுக்கு வந்தது. அதை யாரோ தப்பான இடத்தில் நட்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பொய் ஒட்டவில்லை. அழுகை வந்தது, அதற்கும் கோபம் வந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. நிற்பதற்குள் இர்மா குதித்து இறங்கித் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

"ஐயோ வெல்டா! உள்ள தூங்கறேன்னு நெனச்சோம்டி. கோவம் தணியட்டும்னு எழுப்பல. சாண்ட்விச் குடுக்கலாம்னு கதவத் திறந்தா ஆளக் காணோம். எனக்கு உயிரே போயிடுச்சு!"

வெல்டா பாட்டிலைப் பிடுங்கிப் பாதிவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"சாவி."

டெல்மர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். "தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக... கண்ணு விஷயம் அப்படியேதானே இருக்கு வெல்டா."

இர்மா அவள் தோளைப் பிடித்தாள். "சத்தியமா சொல்லுடி. அந்தக் கம்பம் உன் கண்ணுல பட்டுச்சா இல்லையா?"

"படல," என்றாள் வெல்டா. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "போதுமா? வலது பக்கம் ஓரம் தெரியல. டூசான்ல கண் டாக்டர நானே பாக்கறேன். ஓட்டக்கூடாதுன்னு அவர் சொன்னா சாவிய நானே வச்சிடறேன். வண்டிய விக்க மாட்டேன். இதே பாலைவனத்துல நிறுத்தி வச்சு அதுலயே குடியிருப்பேன். அத என் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன், உன் போன் வேண்டாம்."

வெல்டா நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு பிள்ளைய நான் விட்டுட்டு வந்ததில்ல. நான் பாக்காம விட்டது ஒரு கம்பத்த. நீங்க பாக்காம விட்டது என்னைய. அதுவும் என் வீட்ட எடுத்துக்கிட்டு!"

டெல்மர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"அந்தப் பலகைய எடுத்துப் போடு. முன்னால என் பக்கத்துல உக்காரு. வலது பக்கம் என்ன வருதுன்னு பாத்துப் பாத்துச் சொல்லு. வாய் மட்டும்தான். கை ஸ்டியரிங் பக்கம் வந்துச்சு, ஒடிச்சிடுவேன்."

அவன் மறுபேச்சில்லாமல் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனான். எல்லாரும் ஏறியதும் வெல்டா பின்னறைவரை நடந்தாள். கதவைத் திறந்து, குனிந்து, கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். டெல்மர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது, முன்பு பிள்ளைகளை எண்ணியதுபோல ஒவ்வொருவர் தலையிலும் விரலால் தட்டினாள்.

"ஒண்ணு," என்றாள் இர்மாவிடம். "ரெண்டு," என்றாள் டெல்மரிடம். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து, அவர்கள் இருவரும் தலை குனியும்வரை முறைத்துக்கொண்டே, "மூணு," என்றாள்.

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள்.