புண்ணாக்குச் சாக்கும் ஒரு காட்டெருமைப் பல்லும்

சவரிமுத்து போய்விட்டார் என்று ஒரு பழைய மாணவர் போனில் சொன்னார். நான் நம்பவில்லை. இன்னொருவரைக் கேட்டேன். பிறகு அவர் மனைவியையே அழைத்தேன். "நெஜந்தாங்க. நீங்க கேப்பீங்கன்னு தெரியும்" என்று அழுதார். ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பக்கூடாது என்பது சவரிமுத்துவின் சட்டம். அவரை அறிந்த உங்களுக்கு அது தெரியும்.

கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் நாங்கள் இருவரும் விலங்கியல் பாடம் நடத்தினோம். கல்வராயன் மலைக் குகைகளில் கிடக்கும் பழங்காலக் காட்டெருமை எலும்பில் மரபணு மிஞ்சியிருந்தால், மழை பொய்த்த காலத்தில் மந்தை எவ்வளவு சுருங்கியது என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. அவருடைய டாக்டர் பட்டமே அந்த எலும்புகளை நம்பித்தான் இருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நேரம். மலையிறங்கிய எங்களை வடக்கனந்தல் பக்கம் போலீஸ் மறித்தது. சாக்கில் எலும்பு, கையில் ரம்பம்.

"மரத்த அறுத்துட்டு எங்கயா போய்க்கினு கீறீங்க?"

"இது எலும்பு அறுக்கறதுங்க. சாக்குல மட்டும் கை வெக்காதீங்க சார்!" என்று பதறினார் சவரிமுத்து.

அவ்வளவுதான். சாக்கைக் கிழித்து அத்தனையையும் சாலையில் கொட்டினார்கள். வெறும் எலும்பு என்று தெரிந்ததும் ஒரு காவலருக்கு இரக்கம் வந்துவிட்டது. டீக்கடைக்காரரின் மாட்டுக்கொட்டகையிலிருந்து புண்ணாக்குச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே வாரிப் போட்டுக் கொடுத்தார். சவரிமுத்து நன்றி சொன்னார். முகம் செத்திருந்தது.

நெடுநாள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. எல்லா எலும்பின் மரபணுவும் ஒரே சாயல். சில எருமைகளே மிஞ்சிப் பெருகிய மந்தையில்தான் அப்படி இருக்கும். மந்தை சுருங்கிப் போனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நாங்கள் இனிப்பு வாங்கினோம். அவர் தொடவில்லை. "நான் ஆசப்பட்டதே வந்துக்கீது. அதான் சந்தேகமா கீது" என்றார். சாக்கில் ஒரு துண்டை வெட்டி, அதையும் சோதிக்க அனுப்பினார். அதே சாயல்தான் வந்தது. டீக்கடை மாடு! அதன் எச்சில் சாக்கிலிருந்து எல்லா எலும்பிலும் ஒட்டியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கிடைத்திருக்கும். அவரே எழுதிக் கொடுத்து ஆய்வை வாபஸ் வாங்கினார். கடைசிவரை வெறும் சவரிமுத்துதான்.

அன்று சாக்கில் போடாமல் மூடிய சீசாவில் வைத்திருந்த ஒரு பல் மட்டும் தப்பியது. ஓய்வுபெற்ற நாளில் அதை என்னிடம் தந்து, "எவனா நல்லவனா பேசினா ஜாஸ்தி ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாளே ஓர் ஆய்வாளர் அழைத்தார். மிகப் பணிவாகப் பேசினார். அந்தப் பல் கிடைத்தால் தன் ஆய்வுக் கட்டுரையில் சவரிமுத்து பெயரைப் போடுவோம் என்றார். மனம் இளகியது. ஆனாலும், "மாடு வளர்க்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.