மடுகரைச் சுவரில் அழிக்கப்பட்ட சிவப்புக் கோடு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுகரைக்குப் போனேன். கோயிலுக்கு இல்லை, ஒரே ஒரு சுவரைப் பார்க்க. ஓவியம் படித்த தோழி ஒருத்தி அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். சமுதாயக் கூடத்தின் பக்கச் சுவரில் பச்சை முகம், பிளந்த வாய், கன்றிப்போன மஞ்சளில் வானம், கறுத்த கரும்பு. அத்தனைக்கும் குறுக்கே, சுவர் முழுக்க ஒரு சிவப்புக் கோடு. எக்ஸ்பிரஷனிசம் என்பார்கள், கண்ணில் பட்டதை விட்டுவிட்டு மனசில் பட்டதைத் தீட்டும் முறை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலை 8.10க்கு ஏறினேன். வில்லியனூர் வழி, 28 கி.மீ., டிக்கெட் 25 ரூபாய். வில்லியனூரில் பாதிப் பேர் இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. நடுவில் தமிழ்நாடு வந்து வந்து போகும். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைச் சாராயக் கடைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 9.25க்கு மடுகரை. நிறுத்தத்திலிருந்து கூடத்துக்கு 400 மீட்டர் நடை.

போய்ப் பார்த்தால், அடப்பாவிகளா!

பச்சை முகத்தைக் காணோம். ரோஸ் பவுடர் பூசியதுபோல ஒரு பையன் சிரிக்கிறான். கூலிங் கிளாஸ், வெள்ளைச் சட்டை, தலைக்கு மேல் இரண்டு புறா. சிவப்புக் கோடு ஓடிய இடமெல்லாம் ரோஜா மாலை. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘உபயம்’ என்று ஒரு நிலக்காரரின் பெயர்.

எதிரே பேனர் கடை வைத்திருக்கும் ஏழுமலை, இருபத்தைந்து வயதிருக்கும், பெருமையாக வந்து நின்றான். “இன்னாக்கா, ஃபோட்டோ எடுக்கறீங்களா? நான் போட்டதுதான்.”

“யாரைக் கேட்டுப்பா அதுமேல பெயிண்ட் அடிச்ச?”

“சரவணன் என் ஃபிரண்டுக்கா. செத்தவனப் போயி பேய் மாரி போட்டு வெச்சிருந்தாங்க. வருஷ நெனவு நாளு வருது, நல்லாவா இருக்கும்? பேனர்ல எல்லாரையும் கலராத்தான போடுவோம்?”

இந்தப் பக்கம் அதுதான் வழக்கம். கறுப்பாக வாழ்ந்தவர் செத்ததும் தெருமுனை பேனரில் வெளுத்துவிடுவார். பனியனோடு திரிந்தவருக்குக் கோட்டு வந்துவிடும். மரியாதையாம். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் பச்சை ஒரு மனுஷி அடக்க முடியாமல் போட்ட கூச்சல், அதன்மேல் புறா விட உனக்கு எப்படிக் கை வந்தது என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஜெயந்தி வந்தாள். அந்த ஓவியத்தைத் தீட்டியவள், சரவணனின் அக்கா, வில்லியனூரில் டிராயிங் டீச்சர். தோழியிடம் நம்பர் வாங்கிப் பேசியபோது என்னை இங்கே வரச் சொன்னதே அவள்தான். இரண்டு வாரமாக ஊருக்கு வராததால் அவளும் அப்போதுதான் சுவரைப் பார்க்கிறாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லப் போய் ரோஜா மாலைமேல் கையை வைத்துத் தடவினாள்.

அப்புறம் அவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன சரவணன், ஈர வரப்பில் கிடந்த ஒயரை மிதித்துச் செத்திருக்கிறான். அது நிலக்காரர் தன் மோட்டாருக்கு இழுத்த ஒயர். ஆள் வந்து பார்ப்பதற்குள் ஒயர் மாயமாகிவிட்டது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டான் என்று கதை கட்டிவிட்டார்கள். அந்த ஒயர் சிவப்புக் கோடாக மிச்சமிருந்தது இந்தச் சுவரில் மட்டும்தான். இப்போது அதே நிலக்காரர் பெயிண்ட் வாங்கிக் கொடுத்து, உபயம் என்று பெயரும் போட்டு, அதையும் மூடியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“முதல்ல இந்த மூஞ்சியச் சுரண்டுவோம்” என்றேன்.

“மூஞ்சி இருக்கட்டும்க்கா. எங்கம்மாவுக்கு இதப் புடிச்சாலும் புடிக்கும்” என்றாள் ஜெயந்தி. “என் ஒயரு எங்கக்கா?”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவ்வளவு நேரமும் நான் வண்ணத்துக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

அவள் ஏழுமலை பக்கம் திரும்பினாள். “அன்னிக்கி நீயும் அவங்கூட கொல்லிக்குத் தண்ணி கட்டப் போனல்ல? ஒயரு எங்க கெடந்துச்சோ அங்க நீயே போடு.”

“நெலக்காரரு கோச்சிப்பாருக்கா...”

“போடுடா.”

கடைக்குள் போய்ச் சிவப்பு டப்பாவோடு வந்தான். சுவரின் இடது ஓரத்தில் தொடங்கி, தான் வரைந்த ரோஜாக்கள்மேலேயே கோட்டை இழுத்துக்கொண்டு போனான். வெள்ளைச் சட்டைக்கு வந்ததும் நின்றான். அங்கே பிரஷைத் திருப்பித் திருப்பிச் சுற்றினான். தடியாக ஒரு முடிச்சு விழுந்தது. தோழி அனுப்பிய படத்தில் அது இல்லை.

“இது இன்னாது?” என்றாள் ஜெயந்தி.

“ஒட்டு. அறுந்த ஒயரு. புதுசு வாங்கலாம்னு சொன்னேங்க்கா, இது போதும்னாரு. நான்தான் டேப்பு சுத்தனேன்.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெயந்தி அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. “ஸ்டேஷன்ல இதச் சொல்லுவியா?” என்று மட்டும் கேட்டாள். அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

போகிறவர்களுக்கு: 11 மணிக்கு மேல் சுவரில் வெயில் விழுந்து கண் கூசும், அதற்கு முன்பே போங்கள். அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு முடிச்சு வரை நடங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்ப 12.30க்கு நேர்ப் பேருந்து உண்டு. நான் அதை விட்டுவிட்டேன். மூவரும் காவல் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், ஆளுக்கு 20 ரூபாய்.

வாசலில் இறங்கியதும் ஏழுமலை ஜெயந்தி பக்கம் திரும்பினான். “டேப்பு சுத்தனத மொதல்ல சொல்லட்டாக்கா, ஒயரு கெடந்தத மொதல்ல சொல்லட்டா?” என்று கேட்டான்.

“எந்தம்பி பேர மொதல்ல சொல்லு” என்றாள் ஜெயந்தி.