உடுக்குத் தோல் போட்ட பாட்டுப்பெட்டி

மட்டக்களப்பில் பெண் எடுத்தவன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. அவன்தான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருகிறான். பெரியகல்லாற்றில் நானும் அப்படிப் போய்ச் சேர்ந்தவன். வீடு மனைவியுடையது, வயல் மனைவியுடையது, முற்றத்துத் தென்னைகளும் அவளுடையவை. நான் கொண்டுபோனது ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, மலிவாகக் கிடைத்த ஒரு ஜப்பான் கிராமபோன். குடை முதல் மாரியிலேயே போய்விட்டது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம் இருந்தது உண்மைதான். ஆனால் உத்தியோகம் பாடாதே! அந்த வீட்டில் எனக்கு இருந்த மதிப்பெல்லாம் கிராமபோனால் வந்தது என்றே நம்பியிருந்தேன்.

மாமி என்னோடு நேரே பேசமாட்டார். கோபமில்லை, மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. நான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், "மருமகனுக்குச் சோறு காணுமா எண்டு கேளு மனே" என்று கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். நான் மகளைப் பார்த்துக் "காணும், போதும்" என்பேன். என்னைப் பற்றி அந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பெட்டி பாடும்போது கதவோரம் சேலைத் தலைப்புத் தெரியும். அதை வைத்துத்தான் என் மதிப்பை அளந்துகொண்டிருந்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். ஊசிக்கு மேலே இருக்கும் வட்டக் கிண்ணத்துக்குள் மெல்லிய மைக்காத் தகடு ஒன்று உண்டு. அது அதிர்ந்தால்தான் பாட்டு. அதில் தூசி இருக்கிறது என்று யாரும் என்னிடம் முறையிடவில்லை. நானாகக் கழற்றி, கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன். தகடு அப்பளம் போல நொறுங்கியது.

அந்த வாரமே மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை வீட்டாக்கள் வரக்குள்ள பெட்டி பாடுமாமோ எண்டு கேளு மனே."

"பாடும்" என்றேன். என் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் நடக்கும்.

காத்தான்குடியில் ஊசி முதல் உழவாரம் வரை விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் ஓடினேன். அவர் உடைந்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஜப்பான்காரன்ட சண்டைக்குள்ள கப்பலே வருகுதில்ல தம்பி, ஜப்பான் சாமானுக்கு நான் எங்க போற? வேணுமெண்டா லாம்புச் சிமினி ஒண்டு தாறன்." வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு, தேவையே இல்லாத அந்தச் சிமினியையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு நானே விஞ்ஞானியானேன். தடித்த கடதாசி போட்டேன், பெட்டி முனகியது. பெரிய மீனொன்றின் காற்றுப்பையை விரித்துக் காயவைத்தேன், பூனை தின்றுவிட்டது. கடைசியில் அம்மன் கோயிலில் உடுக்கடிக்கிறவர், உடுக்குக்குத் தோல் மாற்றியபோது மிஞ்சிய மெல்லிய துண்டைத் தந்தார். வெட்டி, ஒட்டி, பூட்டினேன். பாடகரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது. மிருதங்கம் மட்டும் வீடு அதிரக் கேட்டது. சத்தம் வந்ததே போதும் என்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் வந்து அமர்ந்ததும் சாவியை முறுக்கிப் பெருமையோடு ஊசியை வைத்தேன். தோல் பந்தலின் சூட்டில் இறுகிவிட்டதோ என்னவோ, பெட்டியிலிருந்து வந்தது பாட்டல்ல, சுத்தமான உடுக்குச் சத்தம். அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் உடுக்கு முழங்கினால் முதலில் உரு வந்து ஆடுவது யார் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நினைவுதான் வரவில்லை.

கதவு படாரென்று திறந்தது. தலைமயிர் அவிழ, உடல் நடுங்க, மாமி ஆடிக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். "அம்மாள் வந்திட்டா!" என்று சனம் எழுந்தது. யாரோ வேப்பிலைக்கு ஓடினார்கள், யாரோ மஞ்சள் தண்ணீருக்கு. மாப்பிள்ளையின் தாய் காலில் விழுந்தார். அவருக்கு நல்வாக்குச் சொல்லிவிட்டு மாமி என் பக்கம் திரும்பினார். இந்த வீட்டில் என் காலம் முடிந்தது என்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமி முதன்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். வேப்பிலையை என் தலையில் வைத்தார்.

"ஏன் மகனே நடுங்குறாய்? பெட்டி பாடினாத்தான் உனக்கு இஞ்ச சோறெண்டு நினைச்சியா? பாடினாலும் பாடாட்டியும் நீ என்ட பிள்ளைதான்."

அம்மாள் சொன்னாவோ, மாமி சொன்னாரோ, நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பந்தல் நடுவே சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன். மூத்த மருமகனுக்கு என்ன பக்தி என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டார்கள்.