பேச்சாளர் என்ற இடத்தில் என் பெயர்

ராசம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதியவன் நான். அவளுடைய வேலையும் மூன்று முதியவர்களின் வீடும் போனதற்குக் காரணமும் நானே. பொறாமையால் செய்தேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

வாசிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எழுபதுகளில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் டிரெசர், தோட்ட மருந்தகத்துக்குப் பொறுப்பானவன். காய்ச்சலுக்கு மருந்து, அட்டைக் கடிக்குக் களிம்பு, கவாத்துக் கத்தி பட்ட காலுக்குக் கட்டு, எல்லாம் என் கைதான். வழியில் என்னைக் கண்டால் ஆண்கள் கம்பளித் தொப்பியைக் கழற்றுவார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ராசம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் காலையில் குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவள் மீதா பொறாமை என்று கேட்பீர்கள். ஆம், அவள் மீதுதான்!

எங்கள் தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தொழிலாளர் லயத்தில் வீடு. மலையேற முடியாமல் போனவருக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளை இல்லையென்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ஒரே ஒரு வழி இருந்தது. ‘இலேசான வேலைக்குத் தகுதி’ என்று டிரெசர் சீட்டு எழுதிக் கொடுத்தால் பெயர் நீடிக்கும்.

இரண்டு கண்ணும் தெரியாத முத்துக்கருப்பனுக்கு நான் எப்படி எழுதுவது? தயங்கினேன். ராசம்மா மருந்தக வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க சீட்டு எழுதிக் குடுங்க அய்யா. வேலை நான் குடுக்கிறேன்.”

கொடுத்தாள். ஆறு தொட்டில்களையும் ஒரே கயிற்றில் இணைத்து, அதன் நுனியை முத்துக்கருப்பன் கையில் கொடுத்தாள். அவர் சுவரில் சாய்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார், ஆறு பிள்ளைகளும் தூங்கும். அவரைப் போலவே என்னிடம் சீட்டு வாங்கிய, கால் விளங்காத இரண்டு கிழவிகள் உட்கார்ந்தபடியே கஞ்சி ஊட்டினார்கள், மூக்குத் துடைத்தார்கள், கதை சொன்னார்கள்.

வாரத்துக்கு மூன்று முறை வலி, வலி என்று என்னிடம் வந்த அந்த மூவரும் மருந்தகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வயிறு எரிந்தது! நான் கொடுத்த மாத்திரைகளால் ஆகாதது அவள் கொடுத்த ஒரு கயிற்றால் ஆகிவிட்டதே...

பிரிஞ்சாங் சந்தைக்குப் போனாலும் அதே கதை. எனக்குத் தலையசைத்துவிட்டு அவளிடம் நின்று பேசுவார்கள், சிரிப்பார்கள். நான் முட்டைக்கோஸ் வாங்குவதுபோல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நலத்துறை அதிகாரி அம்மாள் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். என் மருந்தகத்தில் பத்து நிமிடம், ஆயாக்கொட்டகையில் காலை முழுவதும்! புறப்படும்போது என்னிடம் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். முதியோர், உடற்குறையுள்ளோர் சேவை பற்றிக் கோலாலம்பூரில் மாநாடு. அதில் ஓர் அமர்வில் ராசம்மா பேச வேண்டுமாம். தமிழில் பேசினால் போதும், மொழிபெயர்க்க ஆள் உண்டு. பாரத்தை மட்டும் நான் ஆங்கிலத்தில் நிரப்பி ‘உதவ’ வேண்டுமாம்.

உதவ... பத்தாண்டு டிரெசர், ஓர் ஆயாவுக்கு எழுத்தராக!

மறுநாள் மதியம் அவளை அழைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். அமர்வுக்கு வருபவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கேள்வி. அவள் சிரித்துவிட்டாள்.

“கத்துக்க என்னாய்யா இருக்கு? வயசானவங்களுக்கு மருந்து மட்டும் போதாதுலா. நம்மள ஒருத்தர் தேடணும். இந்தப் புள்ளைங்க தேடுதுங்க, அவ்ளோதான்.”

அதை எழுதிக்கொண்டேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்ற எரிச்சலோடு எழுதிக்கொண்டேன். பிறகு, பேச்சாளர் என்ற இடம் வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்தான் பேச முடியும் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

“அதுவும் சரிதான். மேடைன்னாலே எனக்குக் கால் நடுங்கும்” என்றாள். ஆனால் ஒரு கணம் அவள் முகம் வாடியது. அதைப் பார்த்தேன்... பார்த்து நிம்மதியடைந்தேன்!

பெயரைத் திருடியதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் போதவில்லை. இது ஓர் ஆயாவின் யோசனை அல்ல, என் மருத்துவம் என்று காட்ட ஆசைப்பட்டேன். நோயாளி எவ்வளவு மோசமோ அவ்வளவு பெருமை எனக்கு! முத்துக்கருப்பன் முற்றிலும் பார்வையற்றவர், எந்த வேலைக்கும் தகுதியற்றவர் என்று எழுதினேன். கிழவிகளைப் பற்றியும் அப்படியே. கீழே கையெழுத்துப் போட்டேன்.

தோட்டத்திலிருந்து வெளியே போகும் எந்தப் பாரத்திலும் தோட்ட மேலாளரான துரை கையெழுத்திட வேண்டும். துரை படித்தார். மறுபடியும் படித்தார். அலுவலக எழுத்தரான கிராணியிடம் செக்ரோல் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். நான் எழுதிய தகுதிச் சீட்டுகளை எடுத்துப் பாரத்தின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் என் கையெழுத்து. எது உண்மை என்று கேட்டார்.

அப்போதாவது நான் மனிதனாக இருந்திருக்கலாம்... “ராசம்மாதான் சொன்னாள், வேலை செய்வார்கள் என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டாள்” என்றேன். ஒருவருக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்பதில் டிரெசரை ஆயா ஏமாற்றினாளாம்! துரை அதை நம்பியிருக்க மாட்டார். ஆனால் மலைக்கு வர இன்னொரு டிரெசர் கிடைப்பது கடினம். ஆயா கிடைப்பது எளிது.

அந்த மாதமே மூவரின் பெயரும் செக்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. ராசம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாரத்தில் மட்டும் துரை கையெழுத்திட்டார், தோட்டத்துக்கு நல்ல பெயர் கிடைக்குமே!

முத்துக்கருப்பன் மூட்டையோடு லோரியில் ஏறும்போது என் குரலைக் கேட்டுக் கையை நீட்டினார். “நீங்க எவ்வளவோ எழுதிக் குடுத்தீங்கய்யா. நம்ம நேரம் சரியில்ல” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் மூட்டையைத் தூக்கி லோரியில் வைத்தேன்.

ராசம்மாவுக்கு மேடையென்றால் பயமாம் என்று அதிகாரி அம்மாளுக்கு எழுதிவிட்டேன், பாரம் ஏற்கப்பட்டது. கோட்டு வாங்கி அணிந்துகொண்டு போய் இருபது நிமிடம் பேசினேன். ராசம்மாவின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். பிறகு தேநீர் குடிக்கக் கலைந்து போனார்கள். எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, கியா பார்ம் பகுதியில் சாலையோரக் காய்கறிக் கடையொன்றில் அவளைப் பார்த்தேன். முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி நடந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் கண்டுகொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. துரை தானாகச் செய்தது என்றே நம்பியிருக்கிறாள். முத்துக்கருப்பன் மகள் வீட்டுக்குப் போன ஓராண்டில் இறந்துவிட்டார் என்று அவள்தான் சொன்னாள். பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்தக் கூட்டத்துல சொன்னீங்களேய்யா... கேட்டவங்க யாராச்சும் அவங்க ஊருல அதுமாதிரி செஞ்சாங்களா?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. “செய்தார்கள் ராசம்மா, பல ஊர்களில் செய்கிறார்கள்” என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததே... கையிலிருந்த கோசைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்! மேடையேறியவன் நான், கைதட்டல் வாங்கியவன் நான், இப்படி ஒரு மகிழ்ச்சி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் சொன்ன பொய்யில்கூட அவளுக்கு அது கிடைத்துவிட்டது.

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான்.