அண்ணாந்து குடித்த தண்ணீர்

எங்கள் வீட்டில் சொம்பில் வாய் வைத்துக் குடித்தால் அத்தைக்குப் பொறுக்காது. நைனாவின் அக்கா அவர். "எச்சி பண்ணாதடி, அண்ணாந்து குடி" என்று குட்டிக் குட்டியே எங்களைப் பழக்கினார். என் அக்கா நன்றாகப் பழகிவிட்டாள். தூக்கிப் பிடித்து மடமடவென்று தொண்டைக்குள் விடுவாள், உதடு நனையாது. நான்தான் மூக்கில் ஊற்றிக்கொள்வேன்.

யுத்தக் காலத்தில் ஓர் ஆடிக் கிருத்திகைக்கு அக்கா விரதமிருந்து மலையேறினாள். வெயிலில் இறங்கி வந்தவள் நேராகச் சமையலறை மாடத்துச் சொம்பை எடுத்து அண்ணாந்தாள். அதிலிருந்தது தண்ணீர் இல்லை. அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பின்கட்டில் நூலுக்குச் சாயம் போடுபவர். நூல் வேகவைக்கக் கரைத்த காஸ்டிக் சோடாக் காரத்தை, பட்டறைச் சொம்பு ஒழுகுகிறதென்று குடிக்கிற சொம்பில் ஊற்றி வைத்திருந்தார். உதட்டில் பட்டிருந்தாலாவது துப்பியிருப்பாள்.

சுருண்டு விழுந்தவளுக்கு அத்தை உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தியெடுக்க வைத்தார். உள்ளே போகும்போது வெந்த தொண்டை, வெளியே வரும்போதும் வெந்தது.

"வெரதம் முடிக்காம தண்ணிக்குப் பறந்தா. முருகன் சும்மா உடுவானா?" என்றார் அத்தை. தெருவே ஆமாம் போட்டது. நைனா மட்டும் மாமாவிடம், "குடிக்கிற சொம்புல ஏன் பாவா ஊத்தினீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மோந்து பாத்துக் குடிக்க வேணாமா அவ?"

காரத்துக்கு வாசனை கிடையாதென்று சாயக்காரருக்கா தெரியாது? நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தன் அக்காளின் வீட்டுக்காரராம், மரியாதையாம். சொம்பைப் புளி போட்டுத் துலக்கி அதே மாடத்தில் வைத்தார்கள். முருகனிடம் மன்னிப்புக் கேட்க அக்காவைத்தான் மறுபடி மலைக்கு அனுப்பினார்கள்.

புண் ஆறிவிட்டது என்றார்கள். ஆற ஆற உள்ளே உணவுக்குழாய் சுருங்கிக்கொண்டே வருமாம். அரக்கோணத்து டாக்டர் சொன்னது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த பொங்கலுக்கு அக்கா இல்லை.

அதுவரை பந்தியில் அவள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். "பட்டினி கெடந்து யார் மானத்த வாங்கப் பாக்கற?" என்று அத்தை அதட்டுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா தன் சோற்றையெல்லாம் என் தட்டில் தள்ளி, சொல்லாதே என்று கண்ணைக் காட்டுவாள். அளந்து சோறு போட்ட காலம் அது. அக்காவுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று, ஒரு பருக்கை விடாமல் நான் தின்றுகொண்டிருந்தேன்.