பெயர் போடாத குடும்பக் கட்டுரை

ராயபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். பேராசிரியர் ஒருவர் நடத்திய ஆங்கிலச் சஞ்சிகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் அச்சாகும். சமூகம், தொழில், குடும்பம் என்று படித்தவர்கள் ஆராய்ந்து எழுதும் கட்டுரைகள். மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவற்றோடு மல்லுக்கட்டுவேன். போகப்போக முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அது எந்த வகை என்று சொல்லிவிடுவேன். கட்டம் கட்டமாகப் புள்ளிவிவரம் வந்தால் கள ஆய்வு. அச்சுக்கோப்பவர்கள் எழுதியவரின் பரம்பரையையே திட்டித் தீர்ப்பார்கள். ஊரார் எழுதியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து இவர் தீர்ப்புச் சொன்னால் தொகுப்புக் கட்டுரை. அடிக்குறிப்புகள் அனுமார் வாலாக நீளும். மனுஷப் பூண்டே இல்லாமல் கருத்து மட்டும் பேசினால் கோட்பாட்டுக் கட்டுரை. அதைத் திருத்தும்போது எனக்குத் தூக்கம் வரும், பயம் வராது.

பயம் வந்தது நாலாவது வகையில்தான். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அது என்ன சாப்பிடுகிறது, யாரைக் கும்பிடுகிறது, எதற்குச் சண்டை போடுகிறது என்று அக்குவேறு ஆணிவேறாக எழுதும் கட்டுரை. குடும்பத்தின் பெயரை மட்டும் போடமாட்டார்கள். பெயரை விட்டுவிட்டால் ஆளை மறைத்தாகிவிட்டது என்பது படித்தவர்களின் நம்பிக்கை.

ஒரு மத்தியானம் அப்படி ஒரு கட்டுரையின் புரூப் என் கைக்கு வந்தது. எழுதியவர் பேராசிரியரேதான். வியாசர்பாடியில் ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் தோல் கிடங்கில் வேலை செய்கிறவர், பௌத்தர். பௌர்ணமி தோறும் வேலைக்குப் போகமாட்டார். அன்று தோலைத் தொடுவதில்லை, ஒருவேளைதான் சாப்பாடு, வீட்டில் விளக்கு வைத்து வணங்குவார்கள். இதுவரை படித்தபோதே என் கை நின்றுவிட்டது. வியாசர்பாடியிலேயே பௌர்ணமிக்குக் கிடங்கு வேலைக்குப் போகாத ஆள் ஒருவர்தான். அவர் என் அக்கா புருஷன்.

அடுத்த பத்தி அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கு ஆட்கள் சிலர் அந்த வீட்டில் கூடுகிறார்கள், தொழிலாளர் சங்கம் ஆரம்பிப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தது. பேராசிரியர் போனபோது அக்கா பாயை விரித்து உட்காரவைத்து, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறாள். அவளுடைய பேச்சை மரியாதையாகக் கேட்க அதுவரை யார் வந்தார்கள், பாவம்!

முந்தின மாதம்தான் சங்கம் என்று வாயைத் திறந்த இரண்டு பேரைக் கிடங்கிலிருந்து வெளியே தள்ளியிருந்தார்கள். அந்தக் கிடங்கின் முதலாளியான வெள்ளைக்காரத் துரையோ நம் சஞ்சிகைக்குச் சந்தாதாரர். ஒவ்வொரு இதழுக்கும் அவர் விலாசத்தை ஒட்டுகிறவனே நான்தான். மாமாவின் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வேறு கிடங்கிலும் சேர்க்கமாட்டார்கள். மேஸ்திரிகளுக்குள் சேதி பரவிவிடும்.

புரூப்பை எடுத்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் வேலை. விஷயத்தில் வாய் வைத்தேன் என்று முதலாளி கேள்விப்பட்டால் என் சீட்டும் கிழிந்துவிடும்.

“பெயர்தான் போடவில்லையே” என்றார் பேராசிரியர்.

“பௌர்ணமி இருக்கே சார். துரைக்கு அது ஒண்ணு போதும்.”

“அப்படியானால் பௌர்ணமியை எடுத்துவிடவா? சமயப் பற்றும் சங்கமும் ஒரே வீட்டில் வளர்வதுதான் இந்த ஆய்வின் உயிர். ஒன்றை எடுத்தால் கட்டுரை செத்துப்போகும்.”

“செத்தா சாகட்டும் சார். அது எங்க அக்கா வூடு.”

வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த மனிதரும் துரையும் ஒரே கிளப்புக்குப் போகிறவர்கள். ஒரு வார்த்தை, விளையாட்டாகச் சொன்னால் கூடப் போதும்.  பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், புரூப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நல்ல மனிதர். நான்கு நாளில் அதே இடத்துக்கு வேறு கட்டுரை வந்தது. முழுக்கக் கோட்பாடு. தொழிலாளர், சமயம், கூட்டுணர்வு என்று பெரிய பெரிய சொற்கள். வியாசர்பாடி இல்லை, தோல் இல்லை, அக்கா விரித்த பாய் இல்லை. வரிக்கு வரி மூன்று தடவை தேடிப் பார்த்தேன். அப்படியும் துரையின் பிரதியில் விலாசம் ஒட்டும்போது பசை கையெல்லாம் ஈஷிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போய் எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த வீட்டுக் கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள். ஞாயிறு தோறும் வரும் சிநேகிதர்தான். “இன்னிக்கு உடம்பு சரியில்ல, போய் வா” என்று மாமா உள்ளிருந்தபடியே சொல்லி அனுப்பினார்.

“பேப்பர்லதான் இல்லியே மாமா, இன்னாத்துக்குப் பயப்படறே?” என்றேன்.

“இப்ப இல்ல. அந்த ஐயாவுக்குத் தெரியும். உனுக்குத் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியுமோ, யாரு கண்டா?”

அடுத்த பௌர்ணமி அன்று காலை அச்சகத்துக்குப் போகும் வழியில் அவர்கள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். அக்கா குளித்து வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா கிடங்குக்குப் போட்டுக்கொண்டு போகும் கறைபட்ட சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குமா?” என்றாள் அக்கா.

“போய்கினு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, விளக்குப் பக்கம் திரும்பாமலே படியிறங்கினார்.